தெருப்பெயர் இல்லாத ஜப்பானில் மகள் வீட்டுக்கு நாங்களே போனோம்

ஜப்பானைப் பற்றிக் கோயில், எரிமலை, அதிவேக ரயில் என்று எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததைப் பற்றி மட்டும். பிள்ளைகள் அங்கே வேலையில் இருக்க, பேறுகாலத்துக்கோ பேரப்பிள்ளையைப் பார்க்கவோ கிளம்பத் தயாராகும் நம்மூர்ப் பெற்றோர்களுக்கு இது உதவும். மற்றவர்கள் வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நாங்கள் போனது நவம்பர் முதல் வாரம். மகள் ஷைனிக்கு அந்த மாதக் கடைசியில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் மருமகன் அருணும் இருப்பது டோக்கியோவுக்குக் கிழக்கே ஃபுனபாஷி என்ற நகரத்தில். வீட்டில் அவர்கள் படுக்கும் அறை தவிர இன்னும் ஒரே ஒரு அறைதான். ஆக, பேறுகாலத்துக்கு ஒரு வீட்டுப் பெரியவர்கள் மட்டுமே போய்த் தங்க முடியும். நாங்களா, சென்னைச் சம்மந்தி வீட்டாரா என்பதுதான் கேள்வி.

சம்மந்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கு அவர்கள் காரில் வந்தார்கள். எங்கள் வீடு இரணியலுக்கு மேற்கே மாங்காட்டுவிளையில் இருக்கிறது. விளை என்றால் மேட்டு நிலத்தில் ஒரு தோட்டத் துண்டு. எங்கள் பக்கத்தில் ஊர்களே அப்படித்தான் பெயர் பெற்றிருக்கின்றன. வீடுகள் விளைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், இடையில் ஓடும் பாதைகளுக்குப் பெயர் கிடையாது. அவர்களுடைய டிரைவர் தெருப்பெயரைத் தேடித் தேடிச் சுற்றி, சாப்பாடு ஆறிய பிறகு வந்து சேர்ந்தார். சம்மந்தி காரிலிருந்து இறங்கியதும், முற்றத்தில் நின்ற என் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னது இது: "சார், உங்க ஊர்ல மனுஷங்க இருக்காங்க, மரம் இருக்கு, எல்லாம் இருக்கு. அட்ரஸ்தான் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். என் சொந்தக்காரர்களும் சிரித்தார்கள். அதையும் நான் மறக்கவில்லை.

அவர் மட்டுமா? நான் சென்னையில் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் இருபது ஆண்டுக்கு மேல் குப்பை கொட்டியவன். நிரந்தர முகவரி எழுதும் ஒவ்வொரு முறையும் இதே கதை. "சார், தெருப் பேரு போடாம கம்ப்யூட்டர் எடுக்காது" என்பார்கள். "கிடையாதும்மா" என்பேன். "கிடையாதுன்னா எப்படி சார்?" என்று என்னைக் காட்டிலிருந்து வந்தவனைப் போலப் பார்ப்பார்கள். ஒருமுறை எரிச்சலில் அந்தக் கட்டத்தில் 'தெரு கிடையாது' என்றே தட்டினேன். அதற்குப் பிறகு வந்த பார்சல்கள் எல்லாம் 'தெரு கிடையாது, மாங்காட்டுவிளை' என்ற முகவரிக்கே வந்தன. வந்து சேராமல் ஒன்றுகூடப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

செப்டம்பரில் வீடியோ காலில் பேச்சு வந்தது. சம்மந்தியம்மா சிரித்த முகமாகத்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஷைனிக்கு வலி வந்தா ஓட ஒரு ஆள் வேணும்ல? அருண் ஆபீஸ் போயிடுவான். நீங்க ரெண்டு பேரும் ஏர்போர்ட்ல இருந்தே தனியா வந்துக்க முடியாதே. நாங்கன்னா மூணு தடவ சிங்கப்பூர் போயிருக்கோம்."

ஷைனியின் முகம் வாடிப்போனது. தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மாமியாரிடம் சொல்ல முடியவில்லை.

நான் சொன்னேன்: "ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம். நாங்களே வீட்டுக்கு வந்து சேருகிறோம். வழியில் உங்களில் யாருக்காவது ஒரு போன் செய்தாலும், அருண் எங்களைத் தேடி ஸ்டேஷனுக்கு வரும்படி ஆனாலும், பத்து நாளில் நாங்கள் திரும்பிவிடுகிறோம். பிரசவத்துக்கு நீங்கள் வாருங்கள். நாங்களே வாசலைத் தட்டினால், பிரசவம் முடியும்வரை அந்த அறை எங்களுக்கு."

"சார், விளையாட்டுக்குத்தானே சொல்றீங்க?" என்றார் சம்மந்தி. நான் விளையாடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

அழைப்பைத் துண்டித்ததும் என் மனைவி ஸ்டெல்லா ஆரம்பித்தாள். "ஷைனிக்க அப்பா, ஒங்களுக்கு வேற வேல இல்லியா? பெத்த பிள்ளைக்க பேறுகாலத்த வச்சா பந்தயம் கெட்டுவாங்க? எங்கயாவது வழி தப்பிப் போனா எனக்க மகளுக்கு ஆரு வெந்நி வைப்பா?"

"தப்பாது."

"தப்பும்."

அருண் அங்கிருந்து சிம் கார்டு அனுப்புவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். இதை வாசிக்கும் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அன்று வேறு கணக்கு இருந்தது.

முகவரியை மட்டும் ஜப்பானிய எழுத்தில் அனுப்பச் சொல்லி, தக்கலையில் ஒரு கடையில் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்த ஒரு மாதமும் அந்த முகவரியைப் படித்தேன். புரிய ஆரம்பித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அங்கேயும் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது!

விஷயம் இதுதான். நாம் ஆளில் தொடங்கி நாட்டில் முடிப்போம். அவர்கள் பெரியதிலிருந்து சிறியதற்கு வருகிறார்கள்: மாநிலம், நகரம், பேட்டை, கடைசியில் மூன்று எண்கள். மகள் வீட்டு எண்ணை இங்கே போட மாட்டேன். 3-14-6 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண், பேட்டையின் மூன்றாவது பகுதி. அதை 'சோமே' என்கிறார்கள். இரண்டாவது எண், அந்தப் பகுதிக்குள் பதினான்காவது மனைத்தொகுதி. நான்கு பக்கமும் பாதை சூழ்ந்த ஒரு துண்டு நிலம் அது. மூன்றாவது எண், அந்தத் துண்டுக்குள் வீடு. பெயரும் எண்ணும் நிலத்துக்கு. பாதை வெறும் இடைவெளி. சென்னைக்காரருக்கு இது விளங்க ஒரு வாரம் ஆகும். விளையில் பிறந்தவனுக்கு ஒரு நிமிடம் போதும்.

இனி பயணம். இரணியலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், வாடகைக் கார் 2,200 ரூபாய். கோலாலம்பூரில் விமானம் மாறினோம். அங்கே தாமதமாகி, காலையில் டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் இறங்க வேண்டியவர்கள் நண்பகலில்தான் இறங்கினோம். சுங்கத்தில் ஸ்டெல்லாவின் கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டார்கள். பச்சை இலை, பழம், இறைச்சி எதுவும் கொண்டுபோகாதீர்கள். மாங்காய் ஊறுகாயும் நெத்திலிக் கருவாடும் தப்பின. கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்த அதிகாரி தலையை ஆட்டி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "மீன் தின்னுக மனுசன், அவனுக்குத் தெரியும்" என்றாள் ஸ்டெல்லா.

விமான நிலையத்தின் கீழ்த்தளத்திலேயே ரயில் நிலையம். விரைவு ரயிலுக்குத் தனிக் கட்டணம். சாதாரண ரயிலில் ஃபுனபாஷிக்கு ஆளுக்கு எண்ணூறு யென்னுக்குச் சற்று மேல், ஒரு மணி நேரப் பயணம். பெட்டியில் யாரும் பேசவில்லை. ஸ்டெல்லா மட்டும் ஜெபித்துக்கொண்டிருந்தாள், எனக்குக் கேட்கும்படி. அங்கே இன்னொரு ரயில் மாறி, மகளின் பேட்டைக்குரிய சின்ன ஸ்டேஷனில் இறங்கியபோது மணி மூன்றேகால். அருண் வேலை முடிந்து ஆறு மணிக்கு அந்த ஸ்டேஷனில் இறங்குவான். அதற்குள் வீட்டில் இல்லாவிட்டால் எங்களைத் தேடுவான். அவன் தேடினால் நான் தோற்றேன்.

ஸ்டேஷன் வாசலில் பேட்டையின் வரைபடம் பெரிய பலகையில் இருந்தது. மூன்றாவது சோமேயைக் கண்டுபிடித்தேன். வடமேற்கில் இருந்தது. வடமேற்கே நடந்தோம். இங்கேதான் முதல் தவறு. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வரைபடத்துக்கு மேல்பக்கம் வடக்கு. அங்கே தெருவோரப் பலகைகளில் பெரும்பாலும், பார்க்கிறவன் எந்தத் திசையை நோக்கி நிற்கிறானோ அதுதான் மேல்பக்கம். பலகையின் மூலையில் வடக்குக்கு ஒரு சின்ன அம்பு போட்டிருப்பார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. நேர் எதிர்த் திசையில், இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, அரை மணி நேரம் கம்பீரமாக நடந்தேன்.

"வீடு பக்கம்ணு சொன்னாளே மக" என்றாள் ஸ்டெல்லா.

"பக்கம்தான்."

"இது பக்கமா? இரணியல்ல இருந்து தக்கலைக்கு நடந்திருக்கலாம்."

சந்தேகம் வந்ததும் நம்மூர்ப் புத்தி வேலை செய்தது. விளையில் ஒரு வீட்டைத் தேடும் எவனும் எண்ணைப் பார்ப்பதில்லை. முக்குக் கடையில் 'துபாய்க்காரர் வீடு எது?' என்பான், கடைக்காரர் கையைக் காட்டுவார். அது தோல்வி அல்ல, முறை. ஒரு காய்கறிக் கடையில் முள்ளங்கி அடுக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் போய், அச்செடுத்த தாளைக் காட்டுவதை விட்டுவிட்டு, நெஞ்சைத் தட்டி "இந்தியா" என்றேன். கைகளைக் கூரைபோல் குவித்து "வீடு" என்றேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தோ! இந்தோ!" என்று தன் மொழியில் இந்தியாவைச் சொல்லி, கடையை அப்படியே விட்டுவிட்டு எங்களை அழைத்துக்கொண்டு நடந்தார். அங்கே வழி கேட்டால் கூடவே வந்து விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அதில் நம்மூரைத் தோற்கடித்துவிட்டார்கள்.

"பாத்தியா?" என்றேன் ஸ்டெல்லாவிடம். இரண்டு திருப்பம் தாண்டி, இந்தியக் கொடியும் யானைப் படமும் தொங்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் எங்களை நிறுத்தி, குனிந்து வணங்கிவிட்டுப் போனார் அந்த அம்மாள்.

உள்ளே இருந்தவர் நேபாளி, பெயர் குருங். எனக்கு இந்தி தெரியாது, படிக்க வைக்கப் பார்த்தவர்களிடமும் படிக்கவில்லை, ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். "இந்தப் பேட்டையில் நம் நிறத்தில் யார் வழி தவறினாலும் என் கடையில் கொண்டு வந்து விட்டுவிடுவார்கள்" என்று சிரித்தார். தேநீர் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நெற்றியில் வியர்வையோடு உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவைப் பார்த்துவிட்டுத் தன் செல்போனை மேசையில் வைத்தார். "மகளைக் கூப்பிடுங்கள் அங்கிள். ஐந்து நிமிடத்தில் ஆள் வந்துவிடும்."

ஸ்டெல்லாவின் கை நீண்டது. நான் அதன்மேல் என் கையை வைத்தேன்.

"எனக்க காலு ரெண்டும் நீரு வச்சுப் போச்சு. ஒரு போனு போட்டா என்ன கெட்டுப்போவும்?"

"பத்து நாள்ல திரும்பிப் போவணும். பிள்ள பெறச்சில நீ மாங்காட்டுவிளையில இருப்ப. பரவாயில்லயா?"

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கையை உருவிக்கொண்டு எழுந்தாள். "நடங்க. ஆனா ஒண்ணு, ஒங்களுக்க வீம்புக்கு நான் நடக்கல்ல. எனக்க பிள்ளைக்காக்கும்."

வெளியே வந்தால் இருட்டிக்கொண்டிருந்தது. நவம்பரில் அங்கே நாலரைக்கே பொழுது அடைந்துவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் உங்களுக்குச் சொல்லிவிட்டேன். கடைக்கு எதிரே ஒரு மின்கம்பம். அதில் ஆள் உயரத்தில், அந்த இடத்தின் முகவரி எழுதிய ஒரு தகடு. செய்ய வேண்டியதை அப்போதுதான் செய்தேன்: என் தாளையும் தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். பேட்டையின் பெயர் ஒன்றேதான். அடுத்த எழுத்து வேறு. என் தாளில் மூன்று கிடைக்கோடுகள், அது மூன்று. தகட்டில் இருந்தது ஐந்து. ஆக, பேட்டை சரி, பகுதி தவறு.

அப்புறம் என்னை யாரும் ஏமாற்ற முடியவில்லை. கம்பத்துக்குக் கம்பம் தகடு பார்த்தோம். ஜன்னலில் திரை தொங்குவதுபோல் ஓர் எழுத்து வந்தது, அது நான்கு. ரயில் பாதையைக் கடந்ததும் மூன்று கோடு வந்தது. ஸ்டெல்லா அந்தக் கம்பத்தைத் தொட்டு "ஸ்தோத்திரம்" என்றாள்.

மூன்றாவது சோமேக்குள் மனைத்தொகுதி எண்கள் நாம் படிக்கும் அதே எண்களில்தான் இருந்தன. எட்டு, ஒன்பது, பத்து என்று வரிசையாக வந்து பதின்மூன்றில் நின்றன. எதிரே பதினான்கு இருக்க வேண்டும், இருபது இருந்தது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடி யோசித்தேன். நாஞ்சில் நாட்டு வயலில் ஏர் ஓட்டுகிறவன் வரப்பு வந்ததும் பழைய இடத்துக்கா போவான்? அங்கேயே திருப்பிக்கொண்டு வருவான். எண்ணும் அப்படித்தான் திரும்ப வேண்டும். பதின்மூன்றைச் சுற்றிப் பின்பக்கம் போனோம். பதினான்கு அங்கே இருந்தது.

இனி வீடு. தொகுதியின் ஒரு மூலையில் தொடங்கி, கடிகாரம் சுற்றும் திசையில் எண் ஏறும். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஆனால் ஆறு இரண்டு இருந்தது! இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, இரண்டுக்கும் அதே எண். வாசல்கள் நெருங்கி இருந்தால் அப்படிக் கொடுப்பார்களாம். எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் படிக்கவில்லை. கதவுகளில் பெயர்ப்பலகையும் இல்லை. மணி ஐந்தரை தாண்டியிருந்தது. தவறான கதவைத் தட்டி, அவர்கள் போலீசைக் கூப்பிட்டு, போலீஸ் அருணைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நின்றேன்.

"நிங்க அங்க என்னத்த நம்பரு பாக்கிய?" என்றாள் ஸ்டெல்லா. "மேல பாருங்க. அது ஆருக்க துவர்த்து?"

இரண்டாவது கட்டடத்தின் மாடியில், விளக்கு வெளிச்சத்தில், கொடியில், சிவப்புக் கரை போட்ட மெல்லிய துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அதைத் துவர்த்து என்போம். அப்படி ஒன்றால் துடைத்தால்தான் தலை காயும் என்று நம்புகிறவர்கள் ஜப்பானில் அதிகம் இருக்க முடியாது. மகள் கிளம்பும்போது ஸ்டெல்லா ஆறு கொடுத்துவிட்டிருந்தாள்.

தான்தான் கண்டுபிடித்ததாக அவள் இன்றும் சொல்கிறாள். அந்தக் கொடிக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தியது யார்? விடுங்கள்.

ஷைனி கதவைத் திறந்ததும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "ஏ அம்மா, கரண்டு கம்பத்த எண்ணியா வந்திய?"

"ஒனக்க அப்பாட்ட கேளு மக்ளே. முதல்ல எனக்கு குடிக்க வெள்ளம் தா."

அருண் ஆறேகாலுக்கு வந்தான். எங்களைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். தன் அம்மாவுக்குத் தானே போன் செய்தான். "வந்துட்டாங்கம்மா. தனியாதான்... ஆமா, நான் போகல." இருபது ஆண்டு அலுவலகத்தில் எனக்குக் கிடைக்காத பதவி உயர்வு எல்லாம் சேர்ந்து அந்த ஒரு 'ஆமா'வில் கிடைத்ததுபோல் இருந்தது.

மாதக் கடைசியில், அருண் வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் ஷைனிக்கு வலி வந்தது. பிரசவத்துக்கென்று முன்பே பெயர் பதிந்து வைத்த டாக்ஸி வந்தது. முன்சீட்டில் நான், பின்னால் ஸ்டெல்லாவும் ஷைனியும். ஓட ஓர் ஆள் வேண்டும் என்றார்களே, ஓடினேன். பெண் குழந்தை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முகவரியை ஜப்பானிய எழுத்தில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழி கேட்டால் வாயைத் திறக்காமல் அதைக் காட்டுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை அவர்கள் எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள், ஒரு மாலை போதும். பலகை வரைபடத்தில் முதலில் வடக்கு அம்பைத் தேடுங்கள். பெரும்பாலான ஸ்டேஷன்களுக்கு அருகில் சின்னப் போலீஸ் சாவடி இருக்கும். பேட்டை வரைபடத்தோடு காத்திருப்பார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. நான் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். தெருவைத் தேடாதீர்கள். நிலத்தைத் தேடுங்கள். தெருப்பெயர் இல்லாததை யாராவது கேலி செய்தால், உலகத்தில் ரயிலை மிகச் சரியான நேரத்துக்கு ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. வழி அடியோடு தவறிவிட்டால் அந்த மாதிரி ஒரு சாப்பாட்டுக் கடையைத் தேடிப் போங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் அனுபவத்தில் மட்டும் இல்லை.

ஜனவரியில் நாங்கள் ஊர் திரும்பும் வாரம், சம்மந்தியும் சம்மந்தியம்மாவும் வந்தார்கள். யாரும் வர வேண்டாம், போனில் மேப் இருக்கிறது என்று அவரே சொல்லியிருந்தார். சாயங்காலம் குருங் என்னைப் போனில் கூப்பிட்டார். இதற்குள் நாங்கள் நண்பர்களாகியிருந்தோம். "அங்கிள், இன்னோர் இந்தியர் வந்திருக்கிறார். உங்களைப் போலவே கோபமாக இருக்கிறார்."

போனேன். கொடிக்கும் யானைப் படத்துக்கும் அடியில், இரண்டு பெரிய பெட்டிகளோடு, தொப்பியும் மப்ளருமாகச் சம்மந்தி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சம்மந்தியம்மா. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். காய்கறிக்கடை அம்மாள்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

"என்ன சார் ஊர் இது?" என்றார். "தெருவுக்குப் பேரே இல்ல. அட்ரஸே இல்ல சார் இங்க."

"அட்ரஸ் இருக்கு" என்றேன். "தெருதான் இல்ல. வாங்க."

முன்னால் நடந்தேன். ஐந்திலிருந்து நான்கு, ரயில் பாதை தாண்டி மூன்று. கம்பங்களை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதின்மூன்றின் மூலையில் அவர் மூச்சு வாங்க நின்றார். நானும் நின்றேன். சம்மந்தியம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டேன். அவருடைய பெட்டியில் மட்டும் கை வைக்கவில்லை.